சீட்டுக்குள் ஓர் ஊர்!

எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டுக்கு இடமே கிடையாது. மன்னார்குடியில் நான் சிறுமியாக இருந்தபோது, அண்ணன் தன் கூட்டாளிகளோடு திண்ணையில் ரம்மி ஆடியதை அப்பா பார்த்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டை அப்படியே வாரிக்கொண்டு போய் வெந்நீர் அடுப்பில் போட்டார். ஆர்ட்டின் ராணி சுருண்டு கருகியது இன்னமும் என் கண்ணில் நிற்கிறது. ‘சீட்டைத் தொட்டால் வீடு விளங்காது’ என்பது அவர் கட்சி.

அப்படி வளர்ந்தவள் போன வருடம் இங்கிலாந்துக்கு மகள் வீட்டுக்குப் போனேன். ஓக்கம் என்ற சின்ன ஊர். வரவேற்பறையில் சுவாமி படம் இருக்கும் என்று நான் நினைத்த இடத்தில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஏதோ ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு மேப். பொடிப்பொடியாக எழுத்து.

“என்னடி இது, லென்ஸ் வச்சுப் பார்க்கணும் போலிருக்கே?”

“இது சீட்டும்மா. விளையாடுற சீட்டு. நம்ம இருக்கிற இந்த ரட்லண்டோட சீட்டு.”

தாத்தா இருந்திருந்தால் சட்டத்தோடு அடுப்பில் போட்டிருப்பார் என்றேன். மகள் சிரித்தாள். ஆனால் அங்கிருந்த ஆறு வாரத்தில் நான் அதிக நேரம் நின்று பார்த்தது அந்தச் சுவரின் முன்னால்தான்.

மேலே, நடுவே, கீழே

விஷயம் இதுதான். 1676-ல் லண்டனில் ராபர்ட் மோர்டன் என்ற வரைபட வியாபாரி ஒரு சீட்டுக்கட்டு வெளியிட்டார். அங்கே கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. அன்றைய கணக்கில் இங்கிலாந்தில் 39 கவுண்டிகள். வேல்ஸில், மன்மத்தையும் சேர்த்துக்கொண்டால், 13. கூட்டிப் பாருங்கள், 52! ஒரு கட்டுக்கு எத்தனை சீட்டு வேண்டுமோ, சரியாக அத்தனை. ஒரு கவுண்டிக்கு ஒரு சீட்டு என்று நாட்டையே கட்டுக்குள் அடைத்துவிட்டார் மனிதர்.

இந்த யோசனை அவருக்கு மட்டும் வந்ததல்ல. அவருக்கு 86 வருடம் முன்பே, 1590-ல், எலிசபெத் ராணி காலத்தில் இதே மாதிரி 52 கவுண்டிச் சீட்டுகள் வந்திருக்கின்றன. கிறிஸ்டோபர் சாக்ஸ்டன் என்பவர் 1579-ல் கொண்டுவந்த கவுண்டி வரைபடத் தொகுப்புதான் அவற்றுக்கு மூலம். பெரிய தாளில் இருந்ததை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கினார்கள்.

மோர்டனின் சீட்டு மூன்று அடுக்கு. மேல் அடுக்கில் கவுண்டியின் பெயர், ஆர்ட்டினா ஸ்பேடா என்ற சின்னம், எத்தனையாம் சீட்டு என்ற எண். நடுவில் வரைபடம். கீழே பொடி எழுத்தில் தகவல்கள். நம் வீட்டு அடுக்குப் பாத்திரம் மாதிரிதான். எதை எங்கே தேடவேண்டும் என்று ஒரு முறை தெரிந்துகொண்டால் போதும், 52 சீட்டிலும் கை தானாகப் போகும்.

மேல் அடுக்கு விளையாடுகிறவருக்கு. கையில் சீட்டை விசிறி மாதிரி விரித்துப் பிடித்தால் மேல்பக்கம்தானே கண்ணுக்குத் தெரியும்? அதனால் ஆட்டத்துக்கு வேண்டியதெல்லாம் மேலே. படிக்கிறவருக்கு வேண்டியது நடுவிலும் கீழேயும். ஆட்டம் மேப்பைக் கெடுக்காது, மேப் ஆட்டத்தைக் கெடுக்காது.

இது பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். அதே 1676-ல் வில்லியம் ரெட்மெய்ன் என்பவரும் போட்டியாக ஒரு கவுண்டிச் சீட்டுக்கட்டு போட்டார். அவர் ஆர்ட்டினையும் கிளாவரையும் மேப்பின் நடு நெஞ்சிலேயே வைத்துவிட்டார். ஊர்கள் எல்லாம் சின்னத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டு முழிக்கின்றன. வீட்டு நடுக்கூடத்தில் பீரோவை வைத்த கதை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மோர்டனின் புத்திசாலித்தனம் புரிகிறது.

“சரி, உன் சீட்டில் ஆர்ட்டினும் இல்லை, ஸ்பேடும் இல்லையே? இதை எப்படிச் சீட்டுன்னு சொல்றே?” என்று மடக்கினேன்.

“அங்கதாம்மா கதை இருக்கு” என்றாள். சீட்டாக விற்ற அதே செப்புத் தகடுகளை வைத்து, சின்னங்களை எடுத்துவிட்டு, 1680-ல் மோர்டனே ஒரு பாக்கெட் வரைபடப் புத்தகம் வெளியிட்டார். அடுத்த நூற்றாண்டில் இன்னொரு வியாபாரி அதே படங்களை மறுபடியும் புத்தகமாக்கினார். மகளிடம் இருப்பது அப்படிப்பட்ட புத்தகம் ஒன்றிலிருந்து பிரிந்த ஒற்றைத் தாள். அதாவது, சீட்டாட்டத்தை விட்டுவிட்டுத் திருந்திய சீட்டு! தாத்தாவுக்குக்கூட ஆட்சேபம் இருந்திருக்காது.

யானைக்கும் எறும்புக்கும் ஒரே சட்டை

ரட்லண்ட் இங்கிலாந்தின் பழைய கவுண்டிகளிலேயே சின்னது. ஏறக்குறைய 150 சதுர மைல். வடக்கே இருக்கும் யார்க்‌ஷயர்தான் பெரியது. ரட்லண்டைப்போல ஏறக்குறைய 40 மடங்கு. ஆனால் சீட்டில்? இரண்டுக்கும் ஒரே கட்டம். யார்க்‌ஷயரைப் பிழிந்து உள்ளே தள்ளியிருக்கிறார்கள். ரட்லண்ட் கையைக் காலை நீட்டிப் படுத்திருக்கிறது.

அதனால் இந்த மாதிரிப் படங்களைப் பார்க்கும்போது ஊர்ப் பெயரைத் தேடுவதற்கு முன்னால், ஓரத்தில் உள்ள அளவுகோலைப் பார்க்கவேண்டும். இந்தச் சீட்டில் ஒரு விரற்கடை என்றால் எத்தனை மைல்? அடுத்த சீட்டில் எத்தனை? 52 சீட்டிலும் அது மாறிக்கொண்டே இருக்கும். இது தெரியாமல் இரண்டு சீட்டை ஒட்டிவைத்துப் பார்த்தால் தப்பான தேசம்தான் கிடைக்கும்.

இன்னொன்றும் கவனித்தேன். கவுண்டியின் எல்லைக்குள் ஊர், ஆறு என்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. எல்லையைத் தாண்டினால் வெறும் தாள். பக்கத்துக் கவுண்டியின் பெயரோடு சரி. ஆறு எல்லைக்கோட்டோடு நின்றுவிடுமா என்ன? ஆனால் சீட்டைப் பொறுத்தவரை அது அடுத்த சீட்டின் பாடு. கட்டு முழுசாக இருந்தால்தான் நாடு. ஒரு சீட்டு தொலைந்தாலும் ஆற்றுக்குப் போக்கிடம் இல்லை.

சாலைகள் விஷயத்தில் மோர்டன் முந்திக்கொண்டார். முக்கியமான சாலைகளைக் காட்டிய முதல் கவுண்டி வரைபடங்களில் இந்தச் சீட்டுகளும் சேர்த்தி. அதற்கு முந்தைய வருடம்தான், 1675-ல், ஜான் ஓகில்பி என்பவர் நாட்டின் முக்கியச் சாலைகளை எல்லாம் சக்கரம் உருட்டி அளந்து, 100 தகடுகளில் ‘பிரிட்டானியா’ என்று புத்தகம் போட்டிருந்தார். சுடச்சுட வந்த அந்தச் சரக்கு மறுவருடமே சீட்டில் ஏறிவிட்டது.

கீழ் அடுக்கை மகள் ஒரு லென்ஸை வைத்துக்கொண்டு எனக்குப் படித்துக் காட்டினாள். கவுண்டியின் நீளம், அகலம், சுற்றளவு. பிறகு தலைமை ஊர் லண்டனிலிருந்து எவ்வளவு தூரம் என்பது. கடைசியாக அட்சரேகை.

“அதென்ன, தூரத்துக்கு மட்டும் ரெண்டு கணக்கு?” என்றேன்.

“அது பெரிய கதை. அப்புறம் சொல்றேன்” என்று லென்ஸை மூடி வைத்துவிட்டாள்.

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்வலம்

மறுநாளிலிருந்து அந்தப் படத்தை மொபைலில் எடுத்து வைத்துக்கொண்டு பேத்தியும் நானும் ஊரைச் சுற்றினோம். லண்டன் கிங்ஸ் கிராஸில் ரயிலேறி, பீட்டர்பரோவில் மாறினால் ஓக்கம் வந்துவிடலாம். சுற்றுலாப் பேருந்துகள் மொய்க்கும் ஊர் இல்லை. தேன் நிறக் கல் வீடுகள், சந்தைச் சதுக்கம், அதன் நடுவே எண்கோணத்தில் ஒரு பழைய மரக் கூரை. அதற்கடியில் குற்றவாளிகளின் காலை மாட்டி உட்காரவைக்கும் கட்டை. அதில் ஐந்து ஓட்டை! இரண்டரைப் பேர் கணக்கு. ஒற்றைக் கால் திருடன் ஒருத்தன் இருந்திருப்பான் என்று பேத்தி தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

பக்கத்திலேயே ஓக்கம் கோட்டை. கோட்டை என்றால் இப்போது மிஞ்சியிருப்பது 12-ஆம் நூற்றாண்டின் ஒரு பெரிய கூடம் மட்டும். உள்ளே சுவர் முழுக்கக் குதிரை லாடங்கள். இருநூறுக்கும் மேல். அரச குடும்பத்தாரோ பிரபுக்களோ இந்த ஊருக்கு முதல் முறை வந்தால் ஒரு லாடம் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டுமாம். அதில் சில லாடங்கள் ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட இருக்கின்றன. எந்தக் குதிரைக்கும் பொருந்தாது. மற்ற இடங்களில் லாடத்தை வாய் மேலே இருக்கும்படி மாட்டுவார்கள். இங்கே கவிழ்த்து மாட்டியிருக்கிறார்கள். நிமிர்த்தி மாட்டினால் சாத்தான் அதில் வந்து உட்கார்ந்துகொள்வானாம். நம் ஊர் வாசலில் லாடம் அடிப்பவர்களுக்கு ஒரு தகவல்.

அடுத்து ஊருக்குக் கிழக்கே ஏரி. ரட்லண்ட் வாட்டர் என்று பெயர். கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீர். இத்தனை பெரிய ஏரியை மோர்டன் எப்படி விட்டார் என்று மொபைலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் விடவில்லை. ஏரிதான் அப்போது இல்லை. 1970-களில், சுற்று வட்டார நகரங்களின் குடிநீருக்காக, க்வாஷ் என்ற சின்ன ஆற்றுக்கு அணை போட்டு உண்டாக்கியது. நெதர் ஹாம்பிள்டன் என்ற சிற்றூர் தண்ணீருக்குள் போய்விட்டது. நார்மன்டனில் ஒரு தேவாலயத்தைக் காப்பாற்ற வேண்டுமென்று, உள்தரையை உயர்த்திச் சுற்றிலும் கல்லைக் கொட்டினார்கள். இடுப்பளவு தண்ணீரில் நிற்பதுபோல அது இன்றைக்கும் கரையோரம் நிற்கிறது. மேட்டூர் அணையில் நீர் வற்றும்போது தலை காட்டும் நந்தியும் தேவாலயக் கோபுரமும் என் நினைவுக்கு வந்தன. பழைய மேப்பைப் பார்ப்பது என்றால் இதுவும்தான். இல்லாததையும் பார்க்கத் தெரியவேண்டும்.

இந்தக் கவுண்டிக்கே ஒரு கண்டம் வந்து தப்பியிருக்கிறது. ‘இத்தனை சின்னது தனியாக எதற்கு?’ என்று 1974-ல் ரட்லண்டைப் பக்கத்து லெஸ்டர்‌ஷயரோடு சேர்த்துவிட்டார்கள். 52-ல் ஒரு சீட்டை எடுத்துவிட்டதுபோல. ஊர்க்காரர்கள் விடவில்லை. 23 வருடம் கழித்து, 1997-ல், தனி நிர்வாகத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். ரட்லண்டின் சின்னத்தில் லத்தீன் மொழியில் ஒரு வாசகம் உண்டு. ‘சின்னதற்குள் நிறைய’ என்று அர்த்தமாம். மூர்த்தி சிறிது கீர்த்தி பெரிது என்று நாம் சொல்வதுதான். அந்தத் துண்டுச் சீட்டுக்கும் அதுவே பொருத்தமான வாசகம் என்று தோன்றியது.

லண்டனில் முழுக் கட்டு

திரும்பும் நாள் நெருங்கியபோது, “வாம்மா, முழுக் கட்டையும் காட்டறேன்” என்று மகள் லண்டனுக்கு அழைத்துப் போனாள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அச்சுப்படங்களுக்கென்றே ஒரு படிப்பறை இருக்கிறது. முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கிக்கொண்டு, அடையாள அட்டையோடு போனால் கேட்ட படத்தை எடுத்துவந்து காட்டுகிறார்கள். கட்டணம் கிடையாது. பேனா கூடாது, பென்சில் மட்டும்.

அங்குள்ள சீட்டுகளில் பெரும்பகுதி ஒரு பெண்மணி சேர்த்தது என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியம். லேடி ஷார்லட் ஷ்ரைபர். வேல்ஸ் நாட்டின் பழங்கதைகளை ஆங்கிலத்தில் தந்தவர். விசிறிகளும் சீட்டுக்கட்டுகளும் சேர்ப்பதில் பைத்தியம். 1895-ல் அவர் காலமானபோது சீட்டுத் தொகுப்பு அருங்காட்சியகத்துக்குப் போனது.

மோர்டனின் சீட்டுகளைச் சின்னங்களோடு அங்கேதான் பார்த்தேன். ராஜா சீட்டுகளில் முழு உருவம் இல்லை. மேல் மூலையில் வட்டத்துக்குள் ஒரு தலை மட்டும். நாணயத்தில் இருக்குமே, அந்த மாதிரி. அது அன்றைய அரசர் இரண்டாம் சார்லஸ். ராணி சீட்டுகளில் அவர் மனைவி, போர்ச்சுகல் இளவரசி கேத்தரின். யார் இந்தக் கேத்தரின் தெரியுமா? 1662-ல் கல்யாணமாகி வந்தபோது, பம்பாயைச் சீதனமாகக் கொண்டுவந்தவர்! ஆறு வருடத்தில் சார்லஸ் அதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வருடம் 10 பவுன் வாடகைக்குக் கொடுத்துவிட்டார். இங்கிலாந்தின் கவுண்டிச் சீட்டில், மூலையில், சின்ன வட்டத்துக்குள், நம் பம்பாயைத் தாரை வார்த்த முகம்!

அந்த முகங்களை வைத்த இடத்திலும் ஓர் அர்த்தம் இருக்கிறது. ராஜாவாகவே இருந்தாலும் மூலையில்தான் உட்காரவேண்டும். நடு இடம் ஊருக்கு. சாதாரணக் கட்டில் ராஜாவின் உடுப்பும் தாடியுமாகச் சீட்டையே அடைத்துக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள்.

நேர்மாறான வகையும் உண்டு. 1644-ல் பிரான்சில், சிறுவனாக இருந்த பதினான்காம் லூயிக்குப் பூகோளம் சொல்லிக்கொடுக்க, கார்டினல் மசாரின் ஏற்பாட்டில் ஒரு சீட்டுக்கட்டு செய்தார்கள். படம் வரைந்தவர் ஸ்தெஃபனோ தெல்லா பெல்லா என்ற இத்தாலியர். அதில் மேப்பே கிடையாது. ஒவ்வொரு நாடும் ஒரு மனித உருவம். உடையையும் கையில் உள்ள பொருளையும் பார்த்து நாட்டைத் தெரிந்துகொள்ளவேண்டும். கீழே இரண்டு மூன்று வரியில் விளக்கம். நான்கு வகைச் சீட்டுக்கு நான்கு கண்டங்கள்.

இங்கிலாந்தில் ஹென்றி வின்ஸ்டன்லி செய்த கட்டு, மோர்டன் காலத்தை ஒட்டியது. ஆர்ட்டின், டைமண்டுக்குப் பதில் ஐரோப்பாவுக்கு ரோஜா, ஆசியாவுக்குச் சூரியன், ஆப்பிரிக்காவுக்கு நிலா, அமெரிக்காவுக்கு நட்சத்திரம். அந்தந்த நாட்டு உடையில் மனிதர்கள், பின்னால் அவர்கள் தலைநகரம். பார்க்க அழகுதான். ஆனால் கொஞ்ச நேரம் பார்த்தால் ஒரு சங்கடம் வருகிறது. ஒரு தேசம் முழுக்க ஒரே உடையா? கோடிப் பேருக்கும் ஒரே முகமா? ‘இந்த நாட்டுக்காரர் இப்படித்தான்’ என்று குழந்தையின் கையில் கொடுத்துவிட்டால், அது ஆயுசுக்கும் மனசில் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சங்கடம் மோர்டன் சீட்டில் இல்லை. அவர் ஊரைக் காட்டினார். ஊர்க்காரர் எப்படி இருப்பார் என்று சொல்ல வரவில்லை. இந்த வின்ஸ்டன்லிதான் பின்னாளில் எடிஸ்டோன் பாறை மேல் கலங்கரை விளக்கம் கட்டியவர். 1703-ல் வந்த பெரும்புயலில் விளக்கோடு அவரும் போய்விட்டார்.

ரட்லண்டின் சீட்டையும் பார்த்தோம். “சின்னது, அதனால் ஏஸாகத்தான் இருக்கும்” என்று பேத்தி பந்தயம் கட்டி அனுப்பியிருந்தாள். நான் வேறு ஒன்று சொல்லியிருந்தேன். யார் ஜெயித்தது என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் தொகுப்பைத் தேடிப் பார்க்கலாம். லீவில் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை.

சொல்லும் தூரம், அளந்த தூரம்

ஓக்கம் திரும்பும் ரயிலில்தான் அந்த இரண்டு எண்ணின் கதையை மகள் சொன்னாள்.

அந்தக் காலத்தில் மைல் என்றால் ஊருக்கு ஊர் வேறு. வழிப்போக்கர்கள் வாய்வழக்காகச் சொல்லும் தூரம் ஒன்று. ஓகில்பியின் ஆட்கள் சக்கரம் உருட்டி, 1,760 கஜத்துக்கு ஒரு மைல் என்று கணக்குப் போட்டபோது தூரம் கூடிவிட்டது. வழக்கத்தில் சொன்னதைவிட ஊர்கள் எல்லாம் தள்ளிப் போய்விட்டன! ஓகில்பி இரண்டையும் அச்சிட்டார். மோர்டனும் சீட்டின் அடியில் இரண்டையும் கொடுத்தார்: சொல்லும் தூரம், அளந்த தூரம்.

சொல்லிவிட்டு மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கும் பேச்சு வரவில்லை.

அவள் வேலை கிடைத்து இங்கே கிளம்பியபோது என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொன்னது ஒன்றுதான். “என்ன பெரிய தூரம்? ஒரு ராத்திரி. சாயங்காலம் ஏறினா காலையில சென்னை.” அதுதான் எங்கள் வீட்டில் சொல்லும் தூரம். பத்து வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தோம். மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் திடீரென்று போனபோதுதான் தூரத்தை அளந்து பார்த்தோம். தகவல் போய், டிக்கெட் கிடைத்து, வழியில் ஒரு விமானம் தப்பி, சென்னையிலிருந்து கார் பிடித்து அவள் வாசலில் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்து அடுத்த நாள் ஆகியிருந்தது. எத்தனை நேரம் வைத்திருக்க முடியும்? பெரியவர்கள் எடுத்துவிடலாம் என்றார்கள். நானும் சரி என்றேன்.

அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. ரயிலில் அன்றைக்குச் சொன்னேன். “நான் இன்னும் அரை நாள் பொறுங்கன்னு கேட்டிருக்கணும்டி.”

“கேட்டிருந்தாலும் வந்திருக்க முடியாதும்மா. நான் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்” என்றாள். எத்தனை முறை போட்டுப் பார்த்திருப்பாள் என்று நான் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளே மொபைலை நீட்டினாள். “இதைப் பாரேன். ஓக்கம் 52 டிகிரி 40 நிமிஷம். நம்ம மன்னார்குடி 10 டிகிரி 40 நிமிஷம். நிமிஷம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.” வீடு வாங்கின வாரம், அந்தச் சீட்டை மாட்டியபோது பார்த்தாளாம். அதற்காகத்தான் மாட்டினேன் என்று அவள் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் பட்டது.

நீங்களும் பார்க்கலாம்

பழைய அச்சுக் கடைகளிலோ யார் வீட்டிலோ இப்படி ஒரு வரைபடச் சீட்டு கண்ணில் பட்டால், ஐந்து விஷயம் பாருங்கள். ஒன்று, சின்னமும் எண்ணும் எங்கே இருக்கின்றன. இல்லையென்றால் அது புத்தகத்தில் வந்த பதிப்பாக இருக்கலாம். இரண்டு, பின்பக்கம், அந்தக் காலத்துச் சீட்டின் முதுகு வெறுமையாகவே இருக்கும். இப்போது போல் பூவேலை இருந்தால் நகல் என்று சந்தேகப்படலாம். மூன்று, அளவுகோல். நான்கு, தூரத்தை எந்த ஊரிலிருந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்பது. மோர்டனுக்கு எல்லாத் தூரமும் லண்டனிலிருந்துதான். ஏனென்றால் ராஜா அங்கே இருந்தார், வாங்குகிறவர்களும் அங்கே இருந்தார்கள். ஐந்து, இன்றைக்கு இருப்பதில் எது அதில் இல்லை, அதில் இருப்பதில் எது இன்றைக்கு இல்லை.

நான் புறப்படுவதற்கு முந்தின நாள், பேத்தி வெள்ளை அட்டையை வெட்டி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். ஓக்கம் சீட்டு ஒன்று புதிதாகச் செய்கிறாளாம். மேலே ஒரு லாடம், கவிழ்த்துப் போட்டது. நடுவில் ஏரியோடு மேப். கீழே கோடு போட்டுவிட்டுப் பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

“அம்மாச்சி, தூரம் லண்டன்லேருந்து போடணுமா?”

“உனக்கு எங்கேருந்து வேணுமோ அங்கேருந்து போடு கண்ணு.”

மன்னார்குடி என்று எழுதினாள். தமிழில்தான்; ‘ன்னா’ மட்டும் கொஞ்சம் கோணலாக. அளந்த தூரத்தை மொபைலில் பார்த்துக் கிலோமீட்டரில் போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“சொல்லும் தூரம்?”

சமையலறையில் மகள் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

“ஒரு ராத்திரி” என்றேன். “தாத்தா அப்படித்தான் சொல்வார். அதையே எழுது.”